ஈ-கேட் என்பது அணுக்கரு வினையால் உபரி வெப்பம் தருவதாக ஆண்ட்ரியா ரோஸ்ஸி என்ற இத்தாலியர் சொன்ன கருவி. அதன் லுகானோ சோதனையில் கொடுத்த மின்சாரத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் வெப்பம் வந்ததாக அளந்தார்கள். அளவில் பிழை இருந்தால் அது எங்கே?

முதலில் பார்க்க வேண்டியது வெப்பக் கேமராவில் போட்ட உமிழ்திறன் எண்ணை. ஒரு பரப்பு, அதே வெப்பநிலையில் உள்ள முழுக் கரும்பொருளோடு ஒப்பிட்டால் எவ்வளவு கதிர்வீசுகிறது என்பதே அந்த எண்.

2014 பிப்ரவரி-மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஆண்ட்ரியா ரோஸ்ஸியின் கருவியை 32 நாள் ஓட்டினார்கள். வந்த வெப்பத்தை நீரில் ஏற்றி அளக்கவில்லை. கருவியின் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு பீங்கான்) உருளையைக் கேமராவால் பார்த்து, அது காட்டிய வெப்பநிலையிலிருந்து கதிர்வீச்சையும் வெப்பச்சலனத்தையும் கணக்குப் போட்டார்கள். 3.2, 3.6 என்ற மடங்குகள் அப்படி வந்தவைதான்.

அந்தக் கேமரா 7.5 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைகளை மட்டுமே பார்க்கும். அந்தப் பட்டையில் அலுமினாவின் உமிழ்திறன் 0.9-க்குக் குறையாது. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1400 டிகிரியில் அது 0.4 அளவுக்கு இறங்குகிறது. மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிட 0.4 சரி, கேமராவில் போட அது தவறு. அறிக்கை இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியது.

விளைவு சின்னதல்ல. ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு கதிர்வீச்சு வரும் என்பதை வெப்பநிலையிலிருந்து சொல்லும் பிளாங்க் சூத்திரத்தை 10 மைக்ரோமீட்டரில் போட்டுப் பாருங்கள்: 0.4 வைத்து 1400 டிகிரி செல்சியஸ் என்று காட்டும் பரப்பு, 0.9 வைத்தால் 750 டிகிரிதான். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் உபரி ஆற்றல் முழுக்க இதிலேயே கரைந்துவிடும். போதாததற்கு, உள்ளே இருந்த சூடேற்றும் சுருள் இன்கொனெல் என்ற நிக்கல்-குரோமியம் உலோகக் கலவை. பெரும்பாலான இன்கொனெல் வகைகள் 1400-ஐ எட்டும்போதே உருகத் தொடங்கிவிடும்!

எரிபொருள் இல்லாத வெள்ளோட்டம் இதைக் காட்டிக்கொடுத்திருக்காதா? அதை 450 டிகிரி அளவோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வெப்பத்தில் இரண்டு உமிழ்திறன்களும் இன்னும் அவ்வளவு விலகவில்லை, ஆகவே கணக்கு ஒத்துப்போனது போலத் தெரிந்தது.

மின்பக்கத்திலும் ஓர் உறுத்தல் உண்டு. செம்புக் கம்பிகளில் வீணாகும் வெப்பம் வெள்ளோட்டத்தில் சுமார் 7 வாட், அசல் ஓட்டத்தில் சுமார் 40. கம்பியின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது அந்த வர்க்கம் ஆறு மடங்கு. உள்ளிட்ட திறனோ 480 வாட்டிலிருந்து 900-ஐ ஒட்டித்தான் போயிற்று, இரண்டு மடங்குகூட இல்லை. அப்படியானால் சுருளின் மின்தடை மூன்றில் ஒன்றாகியிருக்க வேண்டும். இன்கொனெல் அப்படி நடந்துகொள்ளாது. மூன்று கட்ட இணைப்பில் ஒரு கிளாம்பை (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் உணரியை) திருப்பி மாட்டினால், சமச்சுமையில் மீட்டர் சரியாக மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். அதனால் சிலர் இதுதான் பிழை என்கிறார்கள். ஆனால் இரண்டு பிழைகளும் ஒன்றாக நடந்திருந்தால், கொடுத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் வந்ததென்றாகும். மீதி எங்கே போகும்? ஆகவே இரண்டையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டக் கூடாது. என் கணிப்பில் உமிழ்திறன் பிழை உறுதி, கிளாம்ப் வெறும் சந்தேகம்.

இதே வகைக் கருவியைச் சோதிப்பவர்கள் வெற்றுக் குழாயை அசல் ஓட்டத்தின் அதே வாட்டுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் ஒரு தெர்மோகப்பிளை (தொட்டு வெப்பநிலையை அளக்கும் உலோக உணரியை) ஒட்டி, அதோடு கேமரா ஒத்துவரும்வரை உமிழ்திறனை மாற்றினால் அந்தப் பட்டைக்குரிய எண் கிடைத்துவிடும். 1200 டிகிரிக்கு மேல் கே வகைத் தெர்மோகப்பிள் நீடிக்காது, எஸ் அல்லது பி வகை வேண்டும். டிரையாக் (திறனைக் கட்டுப்படுத்தும் மின்னணு சுவிட்ச்) வெட்டிய அலையைத் தவிர்த்து நேர்மின்சாரம் கொடுத்தால் கிளாம்ப் சிக்கலே வராது: ஒரு ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடை), ஒரு வோல்ட்மீட்டர் போதும்.