செம்பைப் பிடிக்கும் புரதம்

வணக்கம் அண்ணா,

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். ஏ.எல். உயிரியல் படிக்கிறேன். கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் அப்பா செம்பு மருந்தடிக்கப் போவார். அந்தச் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஈரலில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் மெற்றலோதயோனின் என்ற புரதம் இருக்கிறதாமே? அதன் மரபணுவை பற்றீரியாவிலோ மதுவத்திலோ (ஈஸ்ட்) வைத்து மண்ணில் விட்டால் என்ன?

அன்புள்ள தங்கைக்கு,

மரபணுவை உள்ளே வைப்பது முடிகிற காரியம்தான். வில்லங்கம் அதற்கப்புறம்.

1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டெடுத்த புரதம் இது. அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள்; அவற்றில் 20, கந்தகம் உள்ள சிஸ்டீன். அந்தக் கந்தகங்கள்தான் உலோகத்தைப் பிடிக்கின்றன: நாகமோ (துத்தநாகம்) கட்மியமோ என்றால் 7 அணுக்கள், செம்பு என்றால் 12 வரை. நம் மரபணுவின் நடுவே புரதத்துக்கு உதவாத துண்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி நீக்க பற்றீரியாவுக்குத் தெரியாது. அதனால் துண்டுகள் நீங்கிய ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. பிரதி எடுத்துத்தான் வைப்பார்கள்.

சரி, புரதம் உண்டாகிவிட்டது. உலோகம் கிடைக்காவிட்டால் அதற்கு நிலையான வடிவமே இல்லை. பற்றீரியாவின் நொதிகள் அதை நறுக்கித் தள்ளும். தப்பியதில் கந்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெரிய புரதமொன்றோடு இணைத்து உண்டாக்குவார்கள், வளர்ப்பூடகத்தில் நாகமும் சேர்ப்பார்கள். கட்மியத்தை அது இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் நஞ்சு.

மதுவத்தின் கதைதான் எனக்குப் பிடித்தது. செம்பைச் சமாளிக்க அதற்குச் சொந்தமாகவே ஒரு மரபணு உண்டு, பெயர் கப்1. அதை நீக்கிய மதுவம் செம்பு கலந்த ஊடகத்தில் தாக்குப்பிடிக்காது. அதற்குள் குரங்கின் மெற்றலோதயோனின் மரபணுவை வைத்தார்கள், மறுபடி வளர்ந்தது. 1986இல் வெளிவந்த ஆய்வு இது. இவ்வளவு தூரத்து உயிரின் புரதம் அங்கே போய் அதே வேலையைச் செய்கிறது!

பற்றீரியாவில் இன்னொரு தடை. உள்ளே வரும் செம்பை அது வெளியே இறைத்துவிடும். புரதத்துக்குப் பிடிக்க மிச்சம் குறைவு. அதனால்தான் சிலர் கலத்தின் வெளிச்சவ்விலேயே புரதத்தைப் பதித்துப் பார்த்தார்கள்.

இனி உங்கள் மண்ணுக்கு வருவோம். அங்கே செம்பு பெரும்பாலும் மக்கிலும் களியிலும் ஒட்டிக் கிடக்கிறது. பற்றீரியா கொஞ்சம் பிடித்தாலும் உலோகம் அழியாதே. கலம் செத்தால் செம்பு அதே இடத்தில்தான். தொழிற்சாலைக் கழிவுநீர் என்றால் கலங்களை வடித்தெடுக்கலாம். தேயிலைச் சரிவில் எதைப் போட்டு வடிப்பது? மரபணு மாற்றிய உயிரைத் திறந்தவெளியில் விட யார் அனுமதிப்பார் என்பது வேறு வழக்கு.

என்னைக் கேட்டால், தோட்டத்துக்கு மருந்தைக் குறைப்பதுதான் வழி. கொப்புள நோய்க்குப் பனிமூட்டமும் ஈரமும் வேண்டும்; தொடர்ந்து வெயில் அடித்தால் ஒரு சுற்று மருந்தைத் தவிர்க்கலாம். இதில் அப்பாவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

ஆசை விடவில்லை என்றால், அந்தச் சோதனைகளின் மதுவமும் பாண் போடும் ஈஸ்டும் ஒரே இனம். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரை வைத்துக்கொண்டு, சீனித் தண்ணீரில் ஈஸ்டைக் கரைத்து, செப்புச் சல்பேற்றை அளவு மாற்றிச் சேருங்கள். எந்த அளவில் நுரை அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு வகை ஈஸ்ட் ஒரே அளவில் அடங்காமலும் போகலாம். கப்1 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்பது வகைக்கு வகை மாறும்.