ஊருக்கு வந்த பிறகும் காவல் நிற்கும் மகன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிப் பழகிய ஊர் எங்களுடையது. என் மாமனார் 1971 போருக்குப் போய் வந்தவர். 23 வயதாகும் என் மகன் காஷ்மீர் எல்லையில் இருக்கிறான். சென்ற ஆண்டு ரோந்தின்போது, அவனுடன் பயிற்சி முடித்த நண்பன் கண்ணிவெடியில் இறந்துவிட்டான். அன்று முன்னால் நடந்திருக்க வேண்டியவன் தான்தான் என்று ஒருமுறை சொன்னான். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தீபாவளிக்கு விடுப்பில் வந்தவன், முதல் சரவெடிச் சத்தத்தில் தங்கையைத் தரையில் தள்ளி அவள்மேல் கவிழ்ந்துகொண்டான். இரவில் உறங்குவதில்லை, குடிக்கிறான். மருத்துவரிடம் போகலாம் என்றால், யூனிட்டுக்குத் தெரிந்து மெடிக்கல் கேட்டகிரி (படைப்பணிக்கான மருத்துவத் தகுதித் தரம்) இறங்கிவிடும் என்கிறான். தாத்தா சண்டை பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருந்தார் என்று கேட்கும் உறவினர்கள், கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கிறார்கள். நான் என்ன செய்வது?

– ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

தங்கையின் மேல் கவிழ்ந்துகொண்டார் என்ற இடத்தில் நெடுநேரம் நின்றேன். அவர் ஓடி ஒளியவில்லை. அவளைக் காக்க முனைந்திருக்கிறார். எல்லையில் உயிர் காத்த விழிப்பு, வீட்டுக்கு வந்த பின்னும் அடங்காமல் இருக்கிறது. நேரில் பாராமல் நோயை உறுதிசெய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்பவை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயின் அறிகுறிகளோடு பொருந்துகின்றன.

இதற்கு அந்தப் பெயர் கிடைத்து, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்ந்ததே 1980இல்தான். முதல் உலகப் போரில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற வீரர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் மனம் நொறுங்கிப் போயிருந்தவர்களும் உண்டு. உங்கள் மாமனார் திரும்பி வந்த காலத்தில் இதைச் சொல்லிக்கொள்ளச் சொல்லே இருக்கவில்லை. அவர் இரவுகளில் எப்படி உறங்கினார் என்று மாமியார் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அச்சத்தைவிட, நண்பனின் இடத்தில் தான் உயிரோடிருக்கிறோம் என்ற குற்ற உணர்வே உங்கள் மகனை அதிகம் அரிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. "எல்லாம் விதி" என்று சொல்லி அதை மூடிவிடாதீர்கள். அந்த நண்பன் எந்த ஊர், எப்படிச் சிரிப்பான் என்று கேளுங்கள், அழுதால் அழட்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

திருமணப் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். இந்த இரவுகளைத் தாங்கும் பொறுப்பை, எதுவும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் வைப்பது நியாயமில்லை. குடி உறக்கத்தைக் கொடுப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவு உறக்கத்தைக் கலைத்துவிடும். இதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகளும், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவரின் மேற்பார்வையில் பலர் தேறுகிறார்கள்.

கேட்டகிரி பற்றிய பயம் பொய்யல்ல. ஆனால் தற்காலிகமாகக் குறைக்கப்படும் தரம், மறுபரிசோதனையில் மீண்டும் உயர்த்தப்படலாம். தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மனஸ் சேவையில் படையினருக்கெனத் தனிப்பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கப்பட்டது. எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். விடுப்பு முடிவதற்குள் அந்த எண்ணை அழைக்குமாறு அவரிடம் சொல்லுங்கள். மறுத்தால், முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள்.