அடப்பங்கொடி அழுகுகிறதா? உரத்தை நிறுத்துங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு கட்டியிருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: போர் தண்ணீர் உப்பு, வைத்த செடியெல்லாம் கருகுகிறது, கடற்கரையில் தானாகப் படரும் அடப்பங்கொடியைக் கொண்டுவந்து நட்டால் அதுவும் மஞ்சளாகி அடித்தண்டு அழுகிவிட்டது, ஏன்? செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாராம்.

உப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஈரம் தேங்கியதுதான் காரணம். அடப்பங்கொடி, அடும்பு என்றும் சொல்வோமே, வெறும் மணலில் வாழப் பழகிய கொடி, ஆழமாக வேர்விட்டு இருக்கிற கொஞ்சம் ஈரத்தைத் தேடிக் குடிக்கும். அதைச் செம்மண்ணில் வைத்தால் வேருக்கு மூச்சு முட்டும். தொழு உரம் போட்டால் இலை மட்டும் கொழுத்துப் பூ குறைந்துவிடும்.

சரி, மறுபடி எப்படி நடுவது? கொடியின் நுனிப் பக்கமாக ஒரு முழம் நறுக்குங்கள். தண்டை நகத்தால் கீறினால் வெள்ளைப் பால் கசிய வேண்டும், கணுவில் கடுகளவு வேர்முளை தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டு கணு மணலுக்குள், நுனி வெளியே என்று சாய்வாகப் புதையுங்கள். நாள் முழுக்க வெயில் விழும் இடமாக இருக்கட்டும், ஐப்பசி மழை தொடங்கும் சமயம் நட்டால் பாதி வேலை மிச்சம். மழை இல்லையென்றால் முதல் மூன்று, நான்கு வாரம் மட்டும் விரலை மணலுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள், முடிந்தால் நல்ல தண்ணீர், ஏனென்றால் வேர் பிடிக்காத துண்டுக்கு உப்புத் தாங்கும் வலு கிடையாது. அப்புறம் உங்கள் போர் தண்ணீரே எப்போதாவது போதும். விதையில் வளர்ப்பதானால் தோல் ரொம்பக் கெட்டி, கடலில் மிதந்து போய்க் கரை சேர்ந்து முளைக்கிற விதை அது, உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து இரவு முழுக்க ஊறவையுங்கள்.

புல்தரைக்குப் பதிலாக நினைத்தீர்களானால் வேண்டாம், குழந்தைகள் ஓடி விளையாடினால் தாங்காது. பத்து மீட்டருக்கு மேல் ஓடும் கொடி, அதனால் தொட்டிக்கும் சரிப்படாது, பாதைப் பக்கம் வரும் நுனியை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். காலையில் விரியும் ஊதாப்பூ மதியத்துக்குள் வாடுவது இயல்பு, நோய் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கடற்கரையிலிருந்து வேரோடு பிடுங்காதீர்கள். அந்த மணல் மேட்டைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கொடிதான். ஏற்கெனவே வளர்த்திருப்பவர் வீட்டில் நாலு துண்டு கேட்டு வாங்குங்கள், தாராளமாகத் தருவார்கள்.