மருத்துவ மாணவரின் முதல் ஆய்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) மாணவர்களுக்கு வழங்கும் குறுகியகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். மார்பு எக்ஸ்-ரே படத்தைக் கொண்டு காசநோயைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது என் ஆசை. சீனியர் அக்காக்களோ, ‘கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு, ஒரு வாரத்தில் முடிந்துவிடும்’ என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. 1979 முதல் நடந்துவரும் அந்தத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே மாதங்கள். அதிலும் வகுப்பும் வார்டும் போக எஞ்சும் நேரம்தான். நீங்கள் சொல்லும் மென்பொருளுக்கு, சளிப் பரிசோதனையில் நோய் உறுதிசெய்யப்பட்டவர்களின் படங்களும் நோய் இல்லையென்று உறுதியானவர்களின் படங்களும் பெரும் எண்ணிக்கையில் வேண்டும். அவற்றைத் தனித்தனியே படித்துக் குறிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் வேண்டும். நிரல் எழுதுபவரும் வேண்டும். ஆசை நல்லதுதான், ஆனால் அது ஒரு குழு பல ஆண்டுகள் செய்யவேண்டிய வேலை. கூகுள் ஃபார்மைப் பொறுத்தவரை, அதை நிரப்பப்போவது உங்கள் தோழிகளும் தோழிகளின் தோழிகளும் மட்டுமே என்பதால், அதிலிருந்து கிடைக்கும் சதவீதம் வேறு யாரைப் பற்றியும் எதையும் சொல்லாது.

காசநோயில் உங்களுக்கு ஆர்வம் இருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது: காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தில் நோயாளி சேராமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? படுக்கைகள் போதாமல் நோயாளிகள் காத்துக்கிடந்த ஊரில் எழுந்த கேள்வி அது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரிய நோயாளிகளுக்கும், நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததென்று 1959-இல் வெளியான அறிக்கை காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. அவ்வளவு பெரிய ஆய்வை ஒரு மாணவி செய்ய இயலாது. ஆனால் அந்தக் கேள்வி பிறந்த விதம் உங்களுக்கும் பொருந்தும்: எதிரே இருக்கும் நோயாளியின் கஷ்டத்திலிருந்து அது எழுந்தது.

ஆகவே ஒரு வாரம், சர்க்கரை நோய்ப் புறநோயாளிப் பிரிவில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஓர் அம்மாவிடம் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினுக்கு உரியது; ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ‘20’ என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான்; 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். அடுத்து, அனுமதி கேட்டு, அவர் ஊசி போடும் இடத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே வந்தவர்களுக்கு அங்கே ரப்பர் போன்ற கட்டி தட்டுப்படும். அதில் போடும் இன்சுலின் சீராக உறிஞ்சப்படாததால், சர்க்கரை அளவு காரணம் தெரியாமல் ஏறி இறங்கும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர் இன்சுலினை எங்கே வைக்கிறார், ஓர் ஊசியை எத்தனை நாள் பயன்படுத்துகிறார் என்று விசாரித்தால், ஒரே காலை நேரத்தில் நான்கு ஆய்வுக் கேள்விகள் உங்கள் நோட்டில் சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊசி போடும் இடத்தில் கட்டி உள்ளவர்கள் நூற்றுக்கு 20 பேர் இருக்கலாம் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். சமூக மருத்துவத்தில் நீங்கள் படித்த 4பிக்யூ/டி² சூத்திரத்தில் (பி என்பது கட்டி உள்ளவர்களின் சதவீதம், க்யூ மீதிச் சதவீதம், டி பிழை வரம்பு), 5 சதவீதப் பிழை வரம்புக்கு 256 நோயாளிகள் தேவை. சர்க்கரை நோய்ப் பிரிவு வாரம் இரண்டு நாள் நடக்குமானால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 16 நாட்கள்; நாளுக்கு 16 பேர், ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடியாது. பிழை வரம்பை 7 சதவீதமாகத் தளர்த்தினால் 131 பேர் போதும். நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது பேரை மூன்று மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாத ஆய்வுதான் பாதியில் நின்றுவிடுகிறது.

நான் மாணவனாக இருந்தபோது அந்த நிலைக்கு ஆளானவன். பாம்புக்கடிக்கும் விஷமுறிவு மருந்து போடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை ஆராய்வதாக அழகான திட்டம் எழுதி, அனுமதியும் வாங்கி, ஆவண அறையில் பழைய கேஸ் ஷீட்களைப் புரட்டினால், பாதிக்கு மேற்பட்டவற்றில் கடித்த நேரமே எழுதப்படவில்லை. எழுதாத ஒன்றை எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது. பழைய ஆவணங்களை நம்பி ஆய்வு செய்வதாக இருந்தால், திட்டம் எழுதுமுன் இருபது கேஸ் ஷீட்களையாவது உங்கள் துறைத்தலைவரின் அனுமதியோடு திறந்து பாருங்கள்.

கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வருமுன் ஒரு நோயாளியின் தகவலைக்கூட ஆய்வுக்காகச் சேகரிக்கக் கூடாது. பின்தேதியிட்டு அதை வாங்கவும் முடியாது. நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். தவறான சிரிஞ்சோடு ஒருவர் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடாதீர்கள். அந்த நிமிடமே பணியில் இருக்கும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஆய்வைவிட அவருடைய இன்சுலின் அளவு முக்கியம்.

கேள்வி: புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவரும், அண்மையில் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவரும் எனக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யாரிடம் சேர்வது?
– மருத்துவ மாணவர், தஞ்சாவூர்

பதில்: இருவருக்கும் ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதிக் கொடுங்கள். அதைப் படித்து, அடித்துத் திருத்தி, ஒரு வாரத்துக்குள் திருப்பித் தருபவரிடம் சேருங்கள். பெரிய பெயரைவிட உங்களுக்காக ஒதுக்கப்படும் அரைமணி நேரமே முதல் ஆய்வுக்குத் தேவை.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் என்று எண்ணி ஆய்வு செய்தேன், வித்தியாசம் எதுவும் வரவில்லை. ‘ஒத்துவராத நாலைந்து பேரை நீக்கிவிடு’ என்கிறான் நண்பன். என்ன செய்வது?
– மருத்துவ மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நீக்காதீர்கள், அது மோசடி, வேறு பெயர் அதற்குக் கிடையாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவரிடம் பேராசிரியர் வில்லியம் ஹவல் கொடுத்த வேலை, இரத்தத்தை உறையச் செய்யும் பொருளை ஆராய்வது. கல்லீரலிலிருந்து எடுத்த சாறு அதற்கு நேர்மாறாக இரத்தம் உறைவதைத் தடுத்தது. அதைப் பிழையென்று தள்ளாமல் 1916-இல் அவர் வெளியிட்டார். அந்தத் தடத்தில் தொடர்ந்த ஆய்வுகளே இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பரினுக்கு இட்டுச்சென்றன.

உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்கவேண்டியது எண்ணிக்கை. ஒவ்வொரு பிரிவிலும் முப்பது பேர்தான் என்றால், வித்தியாசம் இருந்தும் தென்படாமல் போயிருக்கலாம். மாத்திரையைச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் உண்மையில் சாப்பிட்டார்களா என்பதையும், மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பதையும் கேட்டிருக்கிறீர்களா என்று உங்கள் வினாப்படிவத்தைப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் அந்தக் குறையை அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதி, கிடைத்த சராசரிகளையும் நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்ற கணிப்பு) அப்படியே கொடுத்துவிடுங்கள்; அடுத்த ஆண்டு இதே கேள்வியை எடுக்கும் மாணவருக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிட அந்த எண்கள் வேண்டியிருக்கும்.