தலைவலிக்குப் போடும் மாத்திரையே தலைவலி தருமா?

கேள்வி: எனக்கு வயது 41. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு வருடங்களாக வாரத்தில் நான்கைந்து நாள் தலைவலி. மதியத்துக்குமேல் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல ஆரம்பிக்கும். மாதத்தில் இரண்டு மூன்று முறை இடப்பக்கம் மட்டும் தெறிக்கும். குமட்டும், வெளிச்சம் ஆகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்று போட்டால் அடங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா சைனஸ் என்கிறார். மாமியார் சுக்குப் பற்றுப் போடச் சொல்கிறார். காலையில் சாப்பிட நேரம் இருக்காது, டீயோடு ஓடிவிடுவேன். வெள்ளிக்கிழமை விரதம். மாத்திரை இல்லாமல் இயற்கையாகத் தீர வழி உண்டா? – பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: வழி இருக்கிறது, சகோதரி. ஆனால் சுக்கை உரைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு நான்கைந்து மாத்திரை என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய இருபது. முழுசாக இரண்டு அட்டை. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கிவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்க ஆரம்பித்துவிடும். காஃபீன் போன்றவை சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். மாத்திரையின் வேகம் இறங்க இறங்க வலி எழும். அதற்கு இன்னொன்று போடுவீர்கள். கந்துவட்டி மாதிரிதான்.

ஆகவே முதல் வைத்தியம் மாத்திரையைக் குறைப்பது. நீங்கள் கேட்ட இயற்கை வழிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். நிறுத்திய முதல் வாரம், பத்து நாள் வலி கூடும், தூக்கம் கெடும். வேலைக்கு நான்கு நாள் லீவு கிடைக்கும் சமயமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. டீயையும் அதே நாளில் விட்டுவிடாதீர்கள். வழக்கமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை பிளக்கும் (காபி இல்லாத ஒரு நாள் காலை எனக்கே இது தெரியவந்தது). நாலு டம்ளரை மூன்றாக்குங்கள், அடுத்த வாரம் இரண்டாக்குங்கள்.

அக்கா சொல்லும் சைனஸுக்கு வருவோம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறக்குறைய 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வகைத் தலைவலி. மூக்கடைப்பும் கண்ணீரும் மைக்ரேனிலும் வரும் என்பதால் இந்தக் குழப்பம். ஒரு பக்கம் தெறிப்பு, குமட்டல், வெளிச்சம் ஆகாமை என்று நீங்கள் எழுதியிருப்பதும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. கயிறு கட்டி இறுக்கும் வலி வேறு. அது பெரும்பாலும் கழுத்தும் தோளும் இறுகுவதால் வருவது. நாள் முழுக்கக் குனிந்து துணியில் ஓட்டையும் கறையும் தேடினால் கழுத்து என்ன செய்யும்? அரை மணிக்கு ஒருமுறை தோளைப் பின்பக்கமாகப் பத்துத் தடவை சுழற்றுங்கள். இரவில் பின்கழுத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், வெள்ளெழுத்து தொடங்கியிருக்கலாம். கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காலைச் சாப்பாட்டில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மைக்ரேன் தலைக்குப் பட்டினி ஆகவே ஆகாது. இட்லி சுட நேரமில்லையா, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்; இரண்டு நிமிட வேலை. விரதத்தன்று பாலும் பழமும் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா? கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று பல பெண்கள் வாயையே நனைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கித் தீர்ப்பதும் வேண்டாம். தூக்கம் குறைந்தாலும் வலி வரும், கூடினாலும் வரும்.

மாமியார் சொல்லும் பற்றைத் தாராளமாகப் போடுங்கள். நெற்றி சூடேறி இதமாக இருக்கும். கண்ணில் படக் கூடாது, எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். குமட்டலோடு வரும் வலிக்கு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் நல்லது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் இஞ்சி மைக்ரேனுக்குப் பலன் தந்திருக்கிறது. தெறிக்கிற நாளில் தைலத்தை அப்பிக்கொள்ளாதீர்கள், அந்த நெடியே சிலருக்கு வலியைக் கூட்டும். ஈரத்துணியை நெற்றியில் போட்டு, விளக்கை அணைத்துப் படுங்கள்.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் சுவரில் தொங்குமே, அதிலேயே வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மாத்திரை போட்டால் வட்டம், மாதவிலக்கு நாளுக்குக் கோடு, சாப்பிடாத காலைக்குப் பெருக்கல் குறி. இரண்டு மாதத்தில் உங்கள் தலைவலியின் சாதகம் கையில் கிடைத்துவிடும்.

ஆனால் இதுவரை இல்லாத கடுமையில் சட்டென்று இடிபோல வலி இறங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ பற்றும் ஒத்தடமும் வேண்டாம்; அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி இந்த மாதமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் ரத்தச் சோகையையும் பார்த்துவிடுவார். போகும்போது காலண்டரோடு அந்தக் காலி மாத்திரை அட்டையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பதை அவர் படிக்க வேண்டும்.