மறுமொழி: தக்கை உதிரும் 1985 அர்மன்யாக்

மாமனார் தந்த 1985 அர்மன்யாக் (பிரெஞ்சு திராட்சை பிராந்தி) பாட்டிலை ஒயின் மாதிரி படுக்கப் போட்டிருந்தீர்கள், தக்கை உதிர்கிறது, அவ்வளவுதானே? முதலில் நிமிர்த்தி வையுங்கள். 40 சதவீத ஆல்கஹால் நாளாவட்டத்தில் தக்கையை அரித்துவிடும். மெல்லிய துணியில் (சோப்பு வாசம் இருக்கவே கூடாது!) வடிகட்டி வேறு பாட்டிலுக்கு மாற்றுங்கள், குடிக்கலாம்.

ஆனால் "இதற்கு நாற்பது வயது" என்ற உங்கள் கணக்கு சரியில்லை. பாட்டிலுக்குள் போனதும் பிராந்தியின் வயது நின்றுவிடும். ஓக் பீப்பாயில் கிடந்த காலம்தான் கணக்கு. லேபிளில் பாட்டிலில் அடைத்த ஆண்டைத் தேடுங்கள், அர்மன்யாக் தயாராகும் கஸ்கோனியின் (தென்மேற்கு பிரான்ஸ்) சிறு பண்ணைக்காரர்கள் பலர் அதையும் போடுவார்கள்.

அப்புறம், இன்னொரு பிரெஞ்சு பிராந்தியான கோன்யாக்கை இருமுறை வடிப்பார்கள்; அர்மன்யாக்கைப் பெரும்பாலும் ஒரே முறைதான். முன்பெல்லாம் வடிகலனையே வண்டியில் ஏற்றிப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோவார்கள். ஒரே முறை வடிப்பதால் வாசனை கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.