டிரெய்லர் வீடா, பேடே லோனா: எதை முதலில் விடுவது?

கேள்வி: டெக்சாஸில் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடையில் வேலை செய்கிறேன், மனைவி மோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 3,700 டாலர் கைக்கு வருகிறது. டிரெய்லர் பார்க்கில், அதாவது தொழிற்சாலையில் கட்டிய வீடுகளைக் கொண்டுவந்து வாடகை மனையில் நிறுத்தும் குடியிருப்பில், வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். நண்பர்கள் பார்த்துவிடுவார்கள் என்று என் மகன் பள்ளிப் பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வருகிறான். ஊரில் மாடி கட்டும் அண்ணனுக்கு மாதம் 600 டாலர் அனுப்புகிறேன். ஒரு மாதம் அதற்குப் பணமில்லாமல் எடுத்த 600 டாலர் பேடே லோன் (அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய சிறு கடன்), ஏழு மாதமாகியும் முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட்டுக்குப் போகலாமா? தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான நண்பர் மாதம் 250 டாலர் கட்டி ஐ.யு.எல். (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 135 டாலர் கட்டணம் செலுத்தி அந்தக் கடனைப் புதுப்பித்து வருவதாக, மேலே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி அது. ஏழு மாதத்தில் ஏறக்குறைய 15 தவணை, அதாவது 2,000 டாலருக்கு மேல் கட்டியும் அசல் 600 அப்படியே நிற்கிறது. ஆண்டுக் கணக்கில் இது 585 சதவீதம். தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் போட்டுத் தடை செய்த கந்துவட்டிகூட இதன் அருகே வருவது அரிது. டெக்சாஸில் கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒரு தரகு நிறுவனம் நிற்கும். வட்டி 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், தரகுக் கட்டணத்துக்கோ மாநிலச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது.

உங்கள் வரவு செலவைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக் கடன் 410, மனை வாடகை 650, மின்சாரமும் தண்ணீரும் 280, காரும் அதன் காப்பீடும் 620, சாப்பாடு 700, மற்றவை 330, ஆக 2,990. மீதி 710. அதில் அண்ணனுக்கு 600 போனால் 110 நிற்கும். பேடே லோன் கட்டணமோ மாதச் சராசரி 292. ஆகவே மாதந்தோறும் 180 டாலர் துண்டு விழுகிறது, அதைக் கிரெடிட் கார்டில் தள்ளுகிறீர்கள்.

வீட்டை இப்போது விற்க வேண்டாம். நீங்கள் சொல்லும் பகுதியில் இரண்டு அறை அபார்ட்மென்ட் 1,450 டாலர்; இங்கே கடனும் மனை வாடகையும் சேர்ந்தே 1,060 தான். வீடு உங்களுடையது, நிலம் பார்க்குக்காரருடையது என்பதால் உங்கள் கடன் வீட்டு அடமானக் கடனாக அல்லாமல் கார் கடன் போலவே எழுதப்பட்டிருக்கிறது. 11 சதவீத வட்டியும் அதனால் வந்ததுதான். மதிப்பும் கார் போலவே இறங்கும் என்பதால், இன்று விற்றால் கடன் பாக்கிக்கே கையிலிருந்து போட வேண்டியிருக்கும். வீட்டைப் பெயர்த்து வேறு பார்க்குக்குக் கொண்டுபோகப் பல ஆயிரம் டாலர் ஆகும், பழைய வீடுகளைப் பல பார்க்குகள் சேர்ப்பதும் இல்லை. பார்க்கை வாங்கிய புதிய நிறுவனம் மனை வாடகையை 480-லிருந்து 650 ஆக உயர்த்தியது இந்த நிலவரம் தெரிந்துதான்.

மகனுடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. டிரெய்லரில் இருப்பவர் என்றால் சோம்பேறி, குடிகாரர் என்ற கேலி அமெரிக்காவில் பழையது. ஆனால் அந்நாட்டில் இத்தகைய வீடுகளில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வாழ்கிறார்கள். பலர் ஓய்வூதியக்காரர்கள், பலர் உங்களைப் போலக் கடையிலும் விடுதியிலும் உழைப்பவர்கள். 1976 முதல் இவை மத்திய அரசின் கட்டுமான விதிப்படியே கட்டப்படுகின்றன. கேலிக்கு அஞ்சி மகன் கொடுக்கும் விலை தினம் ஒரு நிறுத்தத் தூர நடை. உறவினர் வீட்டுப் படத்தை உங்கள் வீடென்று ஊருக்கு அனுப்பியதாகச் சொல்கிறீர்களே, அந்தப் படத்தை நம்பித்தான் அண்ணன் மாதம் 600 டாலர் கேட்கிறார்.

முதல் வேலையாக, ஒரு ஃபெடரல் கிரெடிட் யூனியனில் (மத்திய அரசின் அனுமதி பெற்ற கூட்டுறவுக் கடன் சங்கம்) சேர்ந்து, பேடே லோனுக்கு மாற்றாக அவை தரும் சிறு கடனைக் கேளுங்கள். எல்லாக் கிரெடிட் யூனியனிலும் கிடைக்காது. நாலைந்து இடத்தில் விசாரியுங்கள். வட்டி 28 சதவீதத்தையும் விண்ணப்பக் கட்டணம் 20 டாலரையும் தாண்டக் கூடாது என்பது விதி. ஆறு மாதத் தவணையில் 600 டாலருக்கு மாதம் சுமார் 108 வரும். மொத்தக் கூடுதல் செலவு 70 டாலர். பழைய வழியில் அதே ஆறு மாதத்துக்கு 1,755 டாலர் போயிருக்கும், அசலும் நின்றிருக்கும். சம்பளத்துக்கு முன்பே பணம் தரும் செல்போன் ஆப்களின் பக்கம் போக வேண்டாம். 'டிப்ஸ்' என்ற பெயரில் அவை வாங்குவதும் கட்டணமே.

அண்ணனுக்கு உங்கள் வீட்டின் உண்மைப் படத்தையும் மேலே உள்ள கணக்கையும் அனுப்பிவிட்டு, இனி மாதம் 200 டாலர்தான் முடியும் என்று சொல்லுங்கள். கோபிப்பார். மாடி ஓராண்டு தாமதமாக எழும்பட்டும்.

ஐ.யு.எல். நண்பருக்கு இப்போது பதில் 'இல்லை' மட்டும். வயது ஏற ஏற உள்ளே பிடிக்கும் காப்பீட்டுச் செலவு கூடும், சந்தை லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு, முதல் சில ஆண்டுகளில் விலகினால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சேமிப்பு ஏதும் இல்லாமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் சாதாரண டெர்ம் பாலிசி குறைந்த செலவில் கிடைக்கும். இந்த மாற்றங்களுக்குப் பிறகு கையில் நிற்கும் 400 டாலரில் முதலில் கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். பிறகு அதை மாதாமாதம் சேமித்து, மூன்று மாத வீட்டுக் கடனும் மனை வாடகையுமான 3,180 டாலர் சேரும் வரை தொட வேண்டாம். மனை வாடகை அடுத்த முறை ஏறும்போது தேவைப்படும்.